இணையத்தளத்தின் பின்னணி: சுவர் பேசக் கூடாது, சரக்குப் பேச வேண்டும்

கடையில் நல்ல சரக்கு இருந்தாலும், சுவரின் வர்ணம் கண்ணைக் குத்தினால் வந்தவர் அதிக நேரம் நிற்கமாட்டார். இணையத்தளத்திற்கும் இதே கணக்குத்தான். எழுத்துக்கும் படங்களுக்கும் பின்னால் விரிந்திருக்கும் பின்னணிப் படமே அதன் சுவராகும்.

இன்று எம்மவர்கள் பலர் தமது வியாபாரத்திற்கென இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். சிலவற்றைத் திறந்தால் கருங்கல், மரப்பலகை, பளபளக்கும் பட்டு என்று பின்னணியே முன்னால் வந்து நிற்கிறது. விலையும் தொலைபேசி இலக்கமும் அதற்குள் மறைந்து விடுகின்றன. இலக்கத்தை வாசிக்க முடியாதவர் எப்படி அழைப்பு எடுப்பார்? நட்டம் எமக்குத்தான்.

1995ஆம் ஆண்டு வெளிவந்த நெட்ஸ்கேப் 1.1 உலாவியில், பக்கத்தின் பின்னால் படம் வைக்கும் வசதி வந்தது. தரைக்கு டைல்ஸ் பதிப்பது போல, ஒரு சிறிய சதுரப் படம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுப் பக்கம் முழுவதும் நிரம்பும். அந்த முறை இன்றும் அப்படியே பயன்படுகிறது.

இதனை நாமே செய்து கொள்ளலாம். நான் புடவை வியாபாரி என்பதால் மருதமுனைக் கைத்தறித் துணியையே உதாரணமாக எடுக்கிறேன். துணியைச் சுருக்கமின்றி விரித்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைத்தொலைபேசியில் படமெடுங்கள். ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருந்தால், அடுக்கும்போது பட்டை பட்டையாகத் தெரியும்.

கட்டம் போட்ட சாரன் என்றால், ஒரு கட்டத்தின் ஆரம்பத்திலிருந்து அடுத்த கட்டத்தின் ஆரம்பம் வரை சரியாக வெட்டுங்கள். ஓரங்கள் தாமாகவே பொருந்தும். வெறும் நெசவு என்றால், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் ஆஃப்செட் என்ற கட்டளையால் படத்தைப் பாதியளவு நகர்த்துங்கள். ஓரத்து மூட்டு நடுவுக்கு வரும். அதைக் குளோன் கருவியால் அழித்து விட்டால் பாவும் ஊடையும் அறுபடாமல் தொடரும்.

அடுத்தது அளவு. கைத்தொலைபேசிப் படம் 3, 4 மெகாபைட் இருக்கும். அதனை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும், வாடிக்கையாளரின் டேட்டாவும் வீணாகும். 300 பிக்சல் சதுரமாகச் சுருக்கி ஜேபெக்காகச் சேமித்தால் பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

கடைசியாக, வர்ணத்தை நன்றாக மங்கச் செய்யுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். வயதான ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, வெயிலில் நின்று விலையை வாசிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

கூகுளில் தேடி அடுத்தவர் படத்தை எடுத்துப் போடும் பழக்கமும் எம்மிடையே உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களையும் பாதுகாக்கிறது என்பதை மனதிற் கொள்ளுங்கள். புடவைக் கடைக்காரரிடம் துணி இருக்கிறது, பாய் வியாபாரியிடம் பாய் இருக்கிறது, மரக்காலைக்காரரிடம் பலகை இருக்கிறது. சொந்தச் சரக்கு இருக்கும்போது அடுத்தவர் சுவரைக் கடன் வாங்குவானேன்?