உங்களுக்குத் தெரியுமா? சுரங்கத்துக்குள்ளும் கடற்காற்றின் கணக்கு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம். கீழே இறங்கும் உலர்ந்த காற்று அழுந்தி அழுந்தி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி தானாகவே சூடேறும். அடிமட்டத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 2001-இல் மூடப்படும்வரை, வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது.

இத்தகைய சுரங்கங்களிலும் வானிலைக் கருவிகளுக்கு வேலை உண்டு. ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி. கிலுகிலுப்பை போலக் கையால் சுழற்றிவிட்டுப் பார்த்தால், உடம்பு வியர்வை அங்கே உலருமா என்பது தெரிந்துவிடும். 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைப்படி ஈரக்குமிழ் அளவு 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30.5-ஐத் தாண்டினாலே விநாடிக்கு 1 மீட்டர் வேகத்திலாவது காற்று ஓட வேண்டும்.

காற்றின் வேகத்தை எண்களால் குறிக்கும் கடலோடிகளின் போஃபர்ட் அளவையில் அந்த வேகம் எண் 1. பாய்க்கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படும் அளவுக்கு மட்டும் நகரும். ஆங்கிலத்தில் இது ‘லைட் ஏர்’, அதாவது லேசான காற்று. ரஷ்ய மொழியில் ‘தீஹி’, அதாவது அமைதியான காற்று. லேசானது என்று பொருள்படும் ‘லியோக்கி’யோ எண் 2-க்கு உரியது! இந்தப் பெயர்களை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒரு படி பிசகிவிடும். எண்ணைப் பார்த்துப் பெயர்ப்பதே சரி. எண் 2 என்றால் காற்று விநாடிக்கு 1.6 முதல் 3.3 மீட்டர்.