நூலகத்தின் இன்ஸ்டா பக்கத்தில் ஏன் பொன்னாடைப் படங்களே வருகின்றன? உங்களை உள்ளே இழுக்க என்ன போடலாம்?

பெங்களூரில் இருந்தால் சனிக்கிழமை காலையில் கப்பன் பூங்கா பக்கம் போய்ப் பாருங்கள். புல்வெளியில் பாயை விரித்து, ஆளுக்கொரு புத்தகத்தோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'கப்பன் ரீட்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய இந்தக் கூட்டம், இன்ஸ்டாகிராம் வழியாகவே வேறு பல நகரங்களுக்கும் பரவியது.

அதே பூங்காவுக்குள் ஒரு சிவப்புக் கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நீங்கள் போட்டோகூட எடுத்திருக்கலாம். அதுதான் மாநில மத்திய நூலகம். உள்ளே போயிருக்கிறீர்களா?

"இப்பல்லாம் யாரு சார் படிக்கிறா?" என்று நூலகங்களைப் பற்றிப் பேசும்போது சொல்வார்கள். புல்வெளியைப் பார்த்தால் அது உண்மை இல்லை என்று தெரிகிறது. படிக்க ஆள் இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் போனுக்குள் நூலகம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வந்து சேர்ந்த இடத்திலும் என்ன இருக்கிறது? ஏதாவது ஒரு பொது நூலகத்தின் பக்கத்தைத் திறங்கள். கொடியேற்றம், அதிகாரி வருகை, பொன்னாடை, விடுமுறை அறிவிப்பு. ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம் என்பதால் அன்றைக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை. இவை துறைக்கு அனுப்பும் ஆவணம் மாதிரி இருக்கின்றன. வாசகருக்கு இதில் ஒன்றும் இல்லை.

மாலை போட்ட அந்த மனிதர் சொன்னதிலேயே விடை இருப்பதுதான் வேடிக்கை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. இன்ஸ்டாவில் என்ன போடுவது என்று குழம்பும் நூலகத்துக்கு இந்த இரண்டும் போதும்.

சரி, என்ன போடலாம்?

பழைய நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? அதில் கடைசி முத்திரை 2009 என்று இருந்தால், அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் யார் வீட்டுக்கும் போகவில்லை என்று அர்த்தம். அந்தச் சீட்டை ஒரு க்ளோசப், அட்டையை ஒரு படம், "இது எந்த அலமாரியில் இருக்கு, ஏன் படிக்கணும்" என்று இரண்டு வரி. இதற்கு எடிட்டிங் தெரிய வேண்டியதில்லை. 'புதிய வரவுகள் 50' என்று பட்டியல் போடுவதைவிட இந்த ஒரு புத்தகத்துக்கு ஆள் வர வாய்ப்பு அதிகம் என்றே தோன்றுகிறது. மூன்றாவது விதியும் இதைத்தான் சொல்கிறது.

அடுத்தது, கேட்கக் கூச்சப்படும் கேள்விகள். உறுப்பினர் ஆக என்ன ஆவணம் வேண்டும்? வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கொடுப்பார்களா? லேப்டாப் கொண்டு போகலாமா, சார்ஜ் போட இடம் உண்டா? சொந்தப் புத்தகத்தை உள்ளே விடுவார்களா? கழிவறை எங்கே? ஞாயிறு திறந்திருக்குமா? வேலைக்குப் போகிற உங்களுக்கு இந்தத் தகவல்கள் இல்லாமல்தான் பாதிப் பயணம் வீணாகிறது. வாசலில் இருந்து வாசிப்பு அறை வரை நடந்து போகும் அரை நிமிட ரீல் ஒன்றைப் பின் செய்து வைத்தால் போதும். "இன்னைக்கு சாயங்காலம் மாடியில இடம் காலியா இருக்கு" என்று ஒரு ஸ்டோரி போட்டால், பக்கத்து காபி ஷாப்பில் இடம் தேடுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

"பேரு மறந்துபோச்சு, ஆனா கதையில ஒரு கலங்கரை விளக்கம் வரும்" என்று வாசகர் கமென்ட் போட, நூலகர் கண்டுபிடித்துச் சொல்வதும் நல்ல விளையாட்டு. நூலகரின் திறமை வெளியே தெரியும் இடம் அது.

வெளிநாட்டு உதாரணங்கள் நிறைய உண்டு. ஸ்காட்லாந்தில் ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற இரண்டு தீவுக்கூட்டங்களின் நூலகங்கள் ட்விட்டரில் ஒன்றையொன்று கிண்டல் செய்தே பிரபலமாகின. நியூயார்க் பொது நூலகம் 2018-ல் 'இன்ஸ்டா நாவல்ஸ்' தொடங்கியது. 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையை ஸ்டோரியாகவே போட்டார்கள். திரையில் விரல் வைத்தால் பக்கம் நிற்கும், எடுத்தால் அடுத்த பக்கம் வரும். அவர்கள் பழைய நூல்களாகத் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். காப்புரிமைச் சிக்கல் இல்லை.

எங்கே ஜாக்கிரதை?

இந்தியச் சட்டப்படி, பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனின் ஒரு கதையைத் தாராளமாக ஸ்டோரியாகப் போடலாம். போன வருடம் வந்த நாவலின் பிடிஎஃப்பை வாசகர் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. "நல்ல நோக்கத்துலதானே சார்" என்பது இங்கே செல்லாது.

அதைவிட முக்கியம், யார் என்ன எடுத்துப் படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மேசையில் தூங்கிவிட்ட பையனின் வீடியோ வைரலாகலாம், ஆனால் அவன் மறுநாள் வருவானா? குழந்தைகளின் முகம் என்றால் பெற்றோர் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். கைகள், முதுகுகள், புத்தக அட்டைகள் இவற்றை வைத்தே நல்ல ரீல் எடுக்கலாம்.

இதில் உங்களுக்கு என்ன?

பணம். விடுதலைக்குப் பின் 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. இன்று தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் அந்த வரி உங்கள் வாடகைக்குள் எங்கோ இருக்கும். கொடுத்த காசுக்கு நீங்கள் போகவில்லை என்றால், 'ஆள் வரவில்லை' என்பதே புத்தகம் வாங்காததற்கும் சீக்கிரம் பூட்டுவதற்கும் காரணமாகச் சொல்லப்படும்.

பல கிளை நூலகங்களில் ஒரே ஒருவர்தான் கதவைத் திறப்பார், பதிவு போடுவார், கூட்டவும் செய்வார். அவரிடம் போய் "தினமும் ரீல் போடுங்க" என்றால் நியாயமா? வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். லைக் கணக்கும் வேண்டாம். பதிவில் காட்டிய புத்தகம் அந்த வாரம் வெளியே போனதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்த முறை போகும்போது, படம் எடுக்கலாமா என்று முதலில் நூலகரிடம் கேளுங்கள். சில இடங்களில் மேலிட அனுமதி வேண்டும் என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டால், உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் தேதிச் சீட்டில் இருந்து தொடங்குங்கள். லொகேஷன் டேக் போட மறக்காதீர்கள்.