பெயரில் தபால் நிலையம் இல்லை

அமெரிக்கப் பெருநகரங்களில் பேட்டைகளுக்கு நடுவே இயங்கும் சிறிய தபால் நிலையங்கள் பலவற்றுக்கு அஞ்சல் துறையின் கணக்கில் ‘தபால் நிலையம்’ என்ற பெயர் கிடையாது. நகரத்துக்கு ஒரு தலைமை நிலையம் இருக்கும். மற்றவை நகர எல்லைக்குள் இருந்தால் ‘ஸ்டேஷன்’, வெளியே இருந்தால் ‘பிராஞ்ச்’. கவுன்டரில் வரிசையில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதுதான் தெரியவரும்.

ஒரு தபால் நிலையத்தை மூடுவதற்கு 60 நாள் முன்பே அங்குள்ள மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். மூடும் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம். ஆணையத்தால் முடிவை மாற்ற இயலாது. மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பத்தான் முடியும். இந்தச் சிறு உரிமையும் நகரக் கிளைகளுக்குப் பொருந்தாது என்று அஞ்சல் துறை வாதிட்டுவந்தது. ஆணையம் அதை ஏற்கவில்லை. நட்டத்தில் நடக்கிறது என்பதற்காக மட்டும் சிறு நிலையத்தை மூடக் கூடாது என்ற விதியும் கிராமங்களையும் சிற்றூர்களையும் மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. நகரத்து ஏழைகளை அதை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

நினைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாத குடும்பங்கள் பல வீட்டு வாடகையையும் மின்கட்டணத்தையும் கட்ட நம்புவது தபால் நிலையத்து மணியார்டரை. நிலையான முகவரி இல்லாதவருக்குக் கடிதம் வந்து சேர்வதும் அங்கேதான். அடுத்த நிலையம் இரண்டு மைல் தள்ளி இருந்தால் கார் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிடம். முதியவருக்கோ இரண்டு பஸ் மாறும் பயணம், அரை நாள் பொழுது.

மூடும் நெருக்கடி முற்றியதற்குக் கடிதங்கள் குறைந்தது மட்டும் காரணமல்ல. ஊழியர்களின் ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்காக ஆண்டுக்குச் சுமார் 550 கோடி டாலரை முன்கூட்டியே ஒதுக்கும்படி 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. 2022-இல்தான் அந்தச் சுமை நீங்கியது. இடையில், 2009-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களும் பிராஞ்ச்களும் ஆய்வுப் பட்டியலில் ஏறின. எதிர்ப்புக்கு நடுவே பட்டியல் இருநூறுக்கும் கீழே சுருங்கியது. 2011 ஜூலையில் இன்னொரு பட்டியல், சுமார் 3,700 நிலையங்கள். இவற்றில் பெரும்பகுதி கிராமப்புறத்தவை. மறு ஆண்டு மே மாதம் கிராமங்களுக்கு ஒரு மாற்றுவழி பிறந்தது: மூடுவதற்குப் பதிலாக சுமார் 13,000 நிலையங்களில் வேலை நேரத்தைக் குறைப்பது. நகரத்துக் கிளைகளுக்காக வகுக்கப்பட்ட வழி அல்ல அது.

கட்டட வாடகை ஒப்பந்தம் முடிவது இன்னொரு ஆபத்து. அப்போது நிலையம் ‘தற்காலிகமாக நிறுத்தப்படும்’. அந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. சட்டப்படி அது மூடல் அல்ல என்பதால் அந்த 60 நாள் முன்னறிவிப்பும் கட்டாயமில்லை.

பிரிட்டனில் 2007-இல் வேறு அளவுகோல் வந்தது. நலிந்த நகர்ப்பகுதிகளில் வாழ்வோரில் 99 சதவீதத்தினருக்கு ஒரு மைலுக்குள் தபால் நிலையம் இருக்க வேண்டும். அதனுடன் வந்த மூடல் திட்டத்தில் அங்கும் சுமார் 2,500 நிலையங்கள் மூடப்பட்டன. ஆனால் எவற்றில் கை வைக்கலாம் என்று முடிவு செய்யும்போது அந்த ஒரு மைலையும் கணக்கில் கொண்டாக வேண்டியிருந்தது.