பாட்டன் பெயரைத் தேடி

கடப்பாக்கத்திற்கு அருகே, கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டையின் சிதைந்த மதில்கள் நிற்கின்றன. நவாபு ஆட்சியில் நாணயச்சாலையும் படகுத்துறையும் கொண்டு விளங்கிய இக்கோட்டை, 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. கோட்டையின் கதையை நூல்கள் கூறுகின்றன. அதன் நிழலில் உப்பு வாரியவர், வலை வீசியவர், நெல் விளைவித்தவர் கதையை எங்கே தேடுவது? அவர்தம் வழித்தோன்றல் ஒருவர் குடும்ப வரலாறு எழுத முற்பட்டால் எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம். பழைய கிரயப் பத்திரம், திருமண அழைப்பிதழ், பள்ளிச் சான்றிதழ், பாட்டியின் நினைவு ஆகியவையே முதற் சான்றுகள். பாட்டியிடம் கேட்பதை நாளைக்கு என்று ஒத்திப்போட வேண்டா. 2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கடலோர வீடுகள் பலவற்றின் ஆவணங்களையும் வாரிச் சென்றது. அங்கெல்லாம் முதியோர் நினைவே எஞ்சிய ஏடு.

தமிழ்க் குடும்பங்களை ஆராய்வோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம்மிடையே பெரும்பாலும் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே தலைப்பெழுத்தாகிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. எனவே ஒரே பத்திரக்கட்டில் முனுசாமி மகன் கோவிந்தனும், கோவிந்தன் மகன் முனுசாமியும் மாறி மாறி வருவர். அவர்களைப் பிரித்தறிய ஆண்டும் நிலத்தின் எல்லைக் குறிப்பும் துணைசெய்யும். பெயரை மட்டும் நம்பியவர் பாட்டனுக்கும் பேரனுக்கும் முடிச்சிட்டுவிடுவார்.

ஊர்ப்பெயரும் ஏமாற்றும். மணலிக்கு அருகிலும் ஒரு கடப்பாக்கம் உண்டு. அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே வட்டத்தின் பெயரை உறுதிசெய்த பின்னரே ஏட்டைப் புரட்ட வேண்டும். நமது கடப்பாக்கம் மதுராந்தகம் வட்டத்தில் இருந்து, பின்னர்ச் செய்யூர் வட்டத்திற்கு வந்தது. மாவட்டமோ 1997இல் காஞ்சிபுரம் என்றும், 2019இல் மீண்டும் செங்கல்பட்டு என்றும் ஆயிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையே இப்பகுதிக்குரிய இடைக்கழிநாடு என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்நாட்டினர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

செங்கல்பட்டுப் பகுதியினர்க்கு வாய்த்த அரிய செல்வம் ஒன்றுண்டு. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து இப்பகுதியைச் சாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2000 ஊர்களை அளக்கச் செய்தது. ஊருக்கு எத்தனை வீடுகள், ஏரிகள், தோப்புகள். விளைச்சலில் கொல்லர்க்கும் தச்சர்க்கும் வண்ணார்க்கும் எவ்வளவு பங்கு என்பன அக்கணக்கில் உள்ளன. ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தமிழ் ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் காக்கப்படுகின்றன. காந்திய அறிஞர் தரம்பால் இவற்றின் அருமையை வெளிக்கொணர்ந்தார். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நூலாகவும் வெளிவந்துள்ளன.

அண்மைக் காலத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்றும், வட்டாட்சியர் அலுவலகத்தின் நிலப் பதிவேடுகளும், பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் உதவும். 1980 வரை ஊர்க் கணக்கை எழுதியவர் கர்ணம். அவர் எழுத்தைப் படிக்கப் பழகுவதே ஒரு கல்வி. கன்னிமாரா நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ குரோல் 1879இல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் பாட்டன் பெயர் இராது. அவர் வாழ்ந்த ஊரின் பஞ்சமும் பாசனமும் இருக்கும். அருங்காட்சியகத்தின் காசும் கலப்பையும் அவ்வாறே பெயரைத் தாரா, வாழ்வைக் காட்டும்.

இவ்வாவணங்களில் ஒரு குறை உண்டு; அதை மறைத்தல் தகாது. இவை நிலமுடையோரையே மிகுதியும் பேசுகின்றன. நிலமற்ற உழவுத் தொழிலாளியும் மீனவரும் எண்ணிக்கையாக வருவர். பெயராக வருதல் அரிது. பெண்களோ இன்னார் மனைவி என்ற அளவில் நின்றுவிடுவர்.

வியப்பாக, அவர்களுட் சிலரின் பெயர்கள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளுடன் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பட்டியலில் தொழிலாளியின் பெயர், தந்தை பெயர், அகவை, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன வரிசையாக எழுதப்பட்டன. மொரீசியசிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனமும் இத்தகைய குடியேற்றப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. பிறந்த ஊரின் கணக்கில் இடம்பெறாத ஒரு பெண், அயல்நாட்டுப் பதிவேட்டில் தன் பெயரோடும் தன் தந்தை பெயரோடும் நிற்கிறாள். ஆயின் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் அது. எந்தப் பாக்கம் என்று கண்டறிய, அவளுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று நம்மூர் முதியோரிடமே வந்து கேட்க வேண்டியிருக்கிறது.