ஒரு வரி முகவரியின் உரிமை

லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருளைத் தேடித் தந்து, நிறுவி, அவ்வப்போது புதுப்பிக்கும் பணியைத் தொகுப்பு மேலாளர் எனப்படும் நிரல் செய்கிறது; மென்பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டுள்ள இடம் களஞ்சியம் எனப்படுகிறது. டெபியன் திட்டம் 1999இல் தனது 2.1 பதிப்பில் வழங்கிய ‘ஆப்ட்’ என்னும் மேலாளரின் களஞ்சியம், குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கப்பட்ட கோப்புகளின் தொகுதியே என்பதால், சாதாரண இணைய சர்வர் ஒன்றைக் கொண்டு ஒரு பல்கலைக்கழகமோ தனிமனிதரோ கூட அதை நடத்த முடியும். பயனரின் கணினியில் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ என்ற சிறிய உரைக்கோப்பில் களஞ்சியத்தின் முகவரி மரபாக ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அவ்வரியைத் திருத்தி, புதிய களஞ்சியத்தின் மென்பொருளைச் சரிபார்க்க உதவும் கையொப்பச் சாவியை ஏற்றுக்கொண்டால், கணினி வேறிடத்திலிருந்து மென்பொருளைப் பெறத் தொடங்கிவிடும்.

உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் உருவாக்கி, 2016இல் வெளிவந்த உபுண்டு 16.04 வழியாகப் பரவலாக்கிய ‘ஸ்னாப்’ முறை இந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டி, கணினியின் பிற பகுதிகளைத் தொடாதவாறு வேலியிட்டு இயக்குவது அதன் சிறப்பு. பயனரின் கணினியில் இயங்கும் ‘ஸ்னாப்டி’ நிரலின் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. பொதிகளை வழங்கும் ஸ்னாப் ஸ்டோரின் சர்வர் நிரலோ மூடப்பட்டுள்ளது. ஜிபிஎல் உரிமம் நிரலைப் பிறருக்கு விநியோகிப்பவரையே கட்டுப்படுத்துகிறது; தன் சர்வரில் நிரலை இயக்கி, அதன் சேவையை மட்டும் வழங்குபவரைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே இங்கு எழுவது சட்டமீறல் பற்றிய கேள்வி அன்று, அதிகாரம் யாரிடம் குவிகிறது என்னும் கேள்வியே ஆகும்.

2020இல் வெளியான உபுண்டு 20.04இல் அக்கேள்வி பயனரின் மேசைக்கே வந்தது. குரோமியம் உலாவியை ஆப்ட் வழியாக நிறுவுமாறு கட்டளையிட்டால், உலாவி இல்லாத வெற்றுப் பொதி ஒன்று இறங்கி, ஸ்னாப் ஸ்டோரிலிருந்து உலாவியை வரவழைத்தது. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு தன் 20ஆம் பதிப்பில் ‘நோஸ்னாப்’ என்ற கோப்பைச் சேர்த்து, ஸ்னாப்டிக்கு −10 என்னும் முன்னுரிமை எண்ணை அளித்தது. ஆப்டின் விதிப்படி, சுழிக்குக் கீழான எண்ணைப் பெற்ற பொதி நிறுவப்படாது. ஆயினும் பயனர் விரும்பினால் அக்கோப்பை நீக்கிவிடலாம்.

கனோனிக்கல் தரப்பின் வாதமும் புறந்தள்ளத்தக்கதன்று. மென்பொருளை உருவாக்குவோர் ஒரே இடத்தில் வெளியிட்டால் பல லினக்ஸ் வகைகளுக்கும் அது சென்றுசேரும். பாதுகாப்புத் திருத்தங்களும் விரைந்து கிட்டும். மேலும், சர்வர் நிரலைத் திறப்பதால் பெரும்பயன் விளையாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு: அந்நிறுவனம் 2009இல், மென்பொருள் உருவாக்கத்துக்கான தனது ‘லாஞ்ச்பேட்’ சேவையின் நிரலை, சர்வரில் இயக்குவோரையும் கட்டுப்படுத்தும் ஏஜிபிஎல் உரிமத்தின்கீழ் திறந்தபோது, வெளியாரின் பங்களிப்பு எதிர்பார்த்த அளவுக்குப் பெருகவில்லை. ஆனால் ஒரே வாயில் என்பதாலேயே காவல் உறுதியாகிவிடுவதில்லை: 2018 மே மாதத்தில், மறைமுகமாக மெய்நிகர் நாணயம் ஈட்டும் நிரலைச் சுமந்த விளையாட்டுப் பொதி ஒன்று அந்த ஸ்டோரிலேயே கண்டறியப்பட்டது.

லாஞ்ச்பேட் தரும் பாடம் இரு பக்கமும் வெட்டுகிறது; சர்வரின் நிரலைத் திறப்பது தேவை என்றாலும், அது மட்டும் போதாது. நம்பிக்கைக்கு அடிப்படையான மூலச்சாவி ஸ்னாப்டிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால், சர்வர் நிரல் நாளையே வெளியானாலும், வேறொருவர் நடத்தும் ஸ்டோரைப் பயனர் தன் கணினியில் எளிதாகச் சேர்த்துக்கொள்ள இயலாது. போட்டி முறையான ‘பிளாட்பாக்’கிலும் பெரும்பாலோர் ‘பிளாட்ஹப்’ என்ற ஒரே களஞ்சியத்தையே நாடுகின்றனர். ஆயினும் ஒரே கட்டளையில் வேறு களஞ்சியத்தைச் சேர்க்க முடிவதால், அங்கு அக்குவிப்பு பயனரின் விருப்பத்தால் நிகழ்கிறது.

ஸ்னாப் ஸ்டோரின் கையொப்பம் பெறாத பொதியைக் கணினியில் நேரடியாக நிறுவவும் வழியுண்டு. அதற்குக் கட்டளையில் ‘டேஞ்சரஸ்’, அதாவது ஆபத்தானது, என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சரிபார்க்கப்படாத பொதிக்கு அவ்வெச்சரிக்கை நியாயமானதே. ஆனால், பயனர் தாமே நம்பித் தேர்ந்த ஒருவரின் கையொப்பத்தை ஏற்கும் வழி அமைப்புக்குள் இல்லாதவரை, அந்த நபர் கட்டிய பொதியும் அச்சொல்லைச் சுமந்தே நுழைய வேண்டியிருக்கிறது.