கடலின் மழைக்காலக் கூட்டத்தொடர்

புது தில்லி: நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாகத் தொடங்கும் ஜூலை மாதத்தில், கேரளக் கரையோரக் கடலிலும் ஒரு பெருங்கூட்டம் கூடுகிறது. பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள கோபிபாட் என்னும் மிதவை உயிரினங்களின் கூட்டம் அது. இறால், நண்டு இனத்தின் இந்தச் சிற்றுறவினர்களே மீன்குஞ்சுகளின் முதல் உணவு.

தென்மேற்குப் பருவக்காற்றால் கரையோர மேல்நீர் விலக, அடியிலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. நுண்பாசிகள் செழிக்கின்றன, அவற்றை மேய்ந்து கோபிபாடுகள் பெருகுகின்றன. இவ்விரண்டையும் நம்பியே மத்தியும் அயிலையும் கரையை நெருங்குகின்றன. கொச்சி உப்பங்கழியிலோ நிலைமை வேறு. ஆற்று வெள்ளத்தால் உப்பு குறையும் மழைக்காலத்தில் கடல்வாழ் இனங்கள் அங்கே அருகி, கோடையில் மீள்கின்றன. ஒரே ஊரில் இரு நாள்காட்டிகள்!

சட்டத்தின் நாள்காட்டியோ தேதிகளால் ஆனது. அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆவது அட்டவணைப்படி 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநிலங்களின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. மேற்குக் கடலில் மத்திய அரசின் தடை ஜூன் 1 முதல் 61 நாள்கள். கேரளத்தின் இழுவைப்படகுத் தடை 52 நாள்கள். பாரம்பரிய மீனவர்களுக்கு அங்கு விலக்கு உண்டு.

ஆனால், தடைக்காலம் மட்டும் மீனைக் காத்துவிடவில்லை. 2012-இல் கேரளத்தில் சுமார் 3.9 லட்சம் டன்னாக இருந்த மத்தி மீன்வரத்து, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்தது. மிகைப் பிடிப்புடன் கடல்நீரின் வெப்பமும் மாறும் இரைவளமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மேற்கு இந்தியப் பெருங்கடலில் 60 ஆண்டுகளில் நுண்பாசிகள் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக, புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவன விஞ்ஞானியின் தலைமையில் நடந்த ஆய்வு 2016-இல் தெரிவித்தது.

ஹைதராபாதிலுள்ள தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் பச்சையத்தையும் வெப்பத்தையும் கொண்டு மீன்வள இடங்களை அறிவிக்கிறது. பாசியின் பச்சையம் விண்ணிலிருந்து தெரியும்; அதை மேயும் கோபிபாடு பருவந்தோறும் எவ்வளவு, எந்த இனம் என்பதை அறிய, வலைவீசி எடுத்து நுண்ணோக்கியில் எண்ணித்தான் ஆக வேண்டும். 1960-களில் பல நாடுகள் கூடி நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் மிதவை உயிரின மாதிரிகள் கொச்சியில்தான் தரம் பிரிக்கப்பட்டன. அந்தப் பணிக்குத் தொடர்ச்சி தேவை. அதிலும், கடல் கொந்தளிக்கும் மழைமாதங்களிலேயே மாதிரி எடுப்பது மிகக் கடினம். மிக அவசியமும் அப்போதுதான்.

மீன்வளத்துக்கெனத் தனி அமைச்சகம் வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்து, 2019-இல் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகம் உருவானது. அவையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் தடைக்கால நாள்களையும் நிவாரணத் தொகையையும் சுற்றியே அமைகின்றன. அந்த நாள்களில் கடலில் மீனுக்கு இரை இருந்ததா என்ற கேள்வியும் எழ வேண்டும். வெறும் வலையுடன் கரை திரும்பும் மீனவருக்கு அந்தப் பதிலே முதலில் தேவை.