முதலும் துணிவும்

படிப்பை முடித்தபின் வேலை தேடுவதா, தொழில் தொடங்குவதா என்னும் வினா மேல்நிலை வகுப்பு மாணவர் பலர் மனத்தில் எழுகிறது. தொழில்முனைவோரின் வெற்றிகள் எங்கும் பேசப்படுகின்றன. அவ்வெற்றிக்காக அவர்கள் எதைப் பணயம் வைத்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொழில்முனைவோர் தம் வாழ்வில் ஏற்கும் இடர்களையும் அடையும் பயன்களையும் இப்பாடம் விளக்குகிறது.

பூக்கூடையும் பொருளியலும்

காலை வேளையில் ஊரப்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் நிற்பவர் இரு வகை மனிதர்களைக் காணலாம். தாம்பரம், சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டிக்குக் காத்திருப்போருள் பெரும்பாலோர் மாத ஊதியம் பெறுவோர். மாத இறுதியில் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதை அவர்கள் முன்னரே அறிவர். நிலையத்திற்கு வெளியே பூக்கூடையுடன் அமர்ந்திருப்பவரின் நிலை வேறு. விடியற்காலையில் பூ வாங்கக் கொடுத்த தொகை அவருக்குத் தெரியும். இரவுக்குள் எவ்வளவு விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்பது தெரியாது. விற்காத பூ மறுநாளைக்கு உதவாது.

இவ்வேறுபாட்டைத்தான் ரிச்சர்டு காண்டில்லான் என்னும் பொருளியல் அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுட்டினார். அவர் மறைந்தபின் 1755இல் வெளியான நூலில், உறுதியான விலைக்கு வாங்கி உறுதியற்ற விலைக்கு விற்பவரைத் தொழில்முனைவோர் என விளக்கினார். இவ்விளக்கத்தின்படி பூ விற்பவரும் தொழில்முனைவோரே. பெருநிறுவனம் நிறுவியவரும் தொழில்முனைவோரே. பணயத்தின் அளவு வேறு; தன்மை ஒன்றே.

இடரும் உறுதியின்மையும்

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பிராங்க் நைட் 1921இல் இக்கருத்தை மேலும் தெளிவாக்கினார். கணக்கிட்டு எதிர்பார்க்கக்கூடியது இடர். கணக்கில் அடங்காதது உறுதியின்மை என்று அவர் பிரித்தார். ஐப்பசி மாதத்தில் மழை பெய்து விற்பனை குறையும் என்பது இடர். பட்டறிவு உடைய வணிகர் அதற்கேற்பச் சரக்கைக் குறைத்து வாங்குவார். உறுதியின்மைக்கு அத்தகைய முன்னேற்பாடு எளிதன்று.

ஊரப்பாக்கத்தை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கு மாறியபோது, பயணிகளின் போக்கும் மாறியது. அப்பயணிகளை நம்பிக் கடை நடத்தியோரின் வருவாய், அவர்களின் உழைப்பு குறையாத நிலையிலும், இடம் பெயர்ந்துவிட்டது. இன்னும் தெற்கே, மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு மகிழுந்து ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு உதிரிபாகம் செய்து தந்த சிறு நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இந்நிகழ்வு சான்று. அதே ஆலையில் மாத ஊதியம் பெற்றோரும் வேலையிழந்தனர் என்பதை மறத்தலாகாது. ஊதியமும் முழு உறுதியுடையதன்று. ஊழியர் இழந்தது வேலை. கடன் வாங்கிப் பொறி வாங்கியவருக்கோ வேலையும் போகும், கடனும் நிற்கும்.

நால்வகைப் பணயம்

தொழில்முனைவோர் பணயம் வைப்பது பணத்தை மட்டுமன்று. முதலாவது பொருள்: சேமிப்பு, நகை, வீட்டுப் பத்திரம் ஆகியன தொழிலுக்குள் செல்கின்றன. இரண்டாவது காலம்: ஊதியம் தரும் வேலையில் ஈட்டியிருக்கக்கூடிய ஆண்டுகள் திரும்பி வாரா. மூன்றாவது பெயர்: உறவினரிடமும் நண்பரிடமும் பெற்ற கடனைக் குறித்த நாளில் திருப்பித் தர இயலாதபோது, பணத்தோடு நம்பிக்கையும் குறைகிறது. நான்காவது குடும்பம்: உரிமையாளரின் உறக்கமின்மையும் கவலையும் வீட்டிலுள்ள அனைவரையும் தொடுகின்றன. தொழில் தொடங்க முடிவெடுப்பவர் ஒருவர். அதன் விளைவைச் சுமப்போர் பலர். ஆகவே குடும்பத்தாரிடம் மறைக்காமல் கலந்து பேசுதல் கணக்கு எழுதுதலைப் போலவே தொழிலின் ஒரு பகுதியாகும்.

தெரிந்து தெளிவோம்

தனியாள் வணிகத்தில் தொழிலின் கடன் உரிமையாளரின் சொந்தக் கடனே. தொழில் நொடித்தால் அவரது வீடும் கடனுக்கு ஈடாகலாம். இதனை வரையறாப் பொறுப்பு என்பர். பதிவு செய்யப்பட்ட நிறுமத்திலோ பங்குதாரரின் இழப்பு அவர் இட்ட பங்குத்தொகையோடு நிற்கும். இது வரையறுத்த பொறுப்பு. ஒருவரே உறுப்பினராக உள்ள ‘ஒருநபர் நிறுமம்’ தொடங்கவும் 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் வழிசெய்கிறது. ஆயினும் நிறுமத்தின் கடனுக்கு உரிமையாளர் தம் பெயரில் தனிப்பிணை எழுதித் தந்திருந்தால், அப்பிணை அவரைத் தொடரும். எனவே கையொப்பமிடும் ஒவ்வொரு தாளையும் படித்தறிதல் இன்றியமையாதது.

அனைத்தையும் பணயம் வைத்தவர்

வரையறுத்த பொறுப்பு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை வ.உ.சிதம்பரனாரின் வாழ்வு காட்டுகிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தது. அதற்கு மாற்றாக 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது தலா 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பெருஞ்சுமையைப் பல தோள்களில் ஏற்றும் இம்முறையால், ஒரு பங்கு வாங்கியவர் அதிகபட்சமாக இழக்கக்கூடியது 25 ரூபாயே.

வாடகைக் கப்பலை நம்பியிருக்க இயலாது என்பதை உணர்ந்த வ.உ.சி. மும்பை சென்று பொருள் திரட்டினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் நிறுவனத்தின் உடைமையாயின. ஆங்கிலேய நிறுவனம் பயணக் கட்டணத்தைக் குறைத்தது. இறுதியில் கட்டணமின்றி ஏற்றிச்செல்லவும், இலவசமாகக் குடை வழங்கவும் முன்வந்தது. பெருமுதல் உடையவர் நெடுநாள் இழப்பைத் தாங்குவார். சிறுமுதல் உடையவர் அதற்குள் ஓய்ந்துவிடுவார் என்பதே இவ்வுத்தியின் கணக்கு. அரசின் அடக்குமுறையும் உடன்சேர்ந்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையிலிருந்தபோதே, 1911இல், நிறுவனம் கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரிடம் கப்பலும் இல்லை; வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது. பல்லாண்டுகளுக்குப்பின் நீதிபதி வாலஸ் என்பவரின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை நினைந்து தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பங்குதாரரின் இழப்பைச் சட்டம் 25 ரூபாயில் நிறுத்தியது. தொடங்கியவரின் காலத்துக்கும் உடல்நலத்துக்கும் குடும்பத்துக்கும் அவ்வாறு எல்லை கட்ட எச்சட்டத்தாலும் இயலவில்லை. நாட்டு விடுதலைக்காக அந்த எல்லையை அறிந்தே கடந்தவர் அவர். எல்லாத் தொழிலும் அத்தகைய ஈகத்தைக் கோருவதில்லை, கோரவும் கூடாது.

எல்லை வகுத்துக்கொண்டவர்

பணயத்தின் அளவைத் தாமே வரையறுத்து வளர்ந்த தொழிலுக்கு ஊரப்பாக்கத்தின் அருகிலேயே சான்று உள்ளது. கூடுவாஞ்சேரியை அடுத்து, ஜி.எஸ்.டி. சாலையோரம் சோகோ மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்பு, அங்குக் கிடைத்த பணியை விட்டு, உடன்பிறந்தாருடனும் நண்பர்களுடனும் சேர்ந்து 1996இல் இதனைத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் அட்வென்ட்நெட். 2009இல் சோகோ எனப் பெயர் மாறியது.

விரைந்து வளர விரும்புவோர் வெளி முதலீட்டாளருக்குப் பங்குகளை விற்று நிதி திரட்டுவது வழக்கம். இந்நிறுவனம் அவ்வழியில் செல்லாமல், ஈட்டிய வருவாயைக் கொண்டே வளர்ந்தது. இதனால் வளர்ச்சியின் வேகம் குறையலாம். ஆனால் பிறர் விதிக்கும் காலக்கெடு இல்லை. கடன் சுமை இல்லை. 2001ஆம் ஆண்டளவில் உலகெங்கும் இணையத் தொழில்கள் சரிந்தபோது, அதன் வாடிக்கையாளர்களான தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்கள் பல வீழ்ந்தன. கையிருப்பு இருந்ததால் நிறுவனம் தாக்குப்பிடித்துப் புதிய மென்பொருள்களை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றே, 2005இல் அறிமுகமாகி, பின்னர் நிறுவனத்துக்கே பெயரானது.

அடையும் பயன்கள்

தொழில்முனைவின் பயன்களும் பணத்தோடு முடிவதில்லை. தம் பணியைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை முதற்பயன். உடைமை இரண்டாம் பயன்: ஊதியம் உழைத்த மாதத்திற்கு உரியது, நன்கு கட்டியெழுப்பிய தொழிலோ ஆண்டுக்கணக்கில் பயன் தரும். கற்றல் மூன்றாம் பயன்: வாங்கவும் விற்கவும் கணக்கிடவும் மனிதரோடு பழகவும் ஒருசேரக் கற்கும் வாய்ப்பு வேறிடத்தில் அரிது. தொழில் தோற்றாலும் இக்கல்வி எஞ்சும். பிறருக்கு வாழ்வளித்தல் நான்காம் பயன். கல்லூரிக்குச் செல்லாத இளைஞர்க்கும் பயிற்சி தந்து பணியமர்த்தும் பள்ளியைச் சோகோ நடத்துகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் இயங்குகிறது. பூக்கடைக்காரர் பூத்தொடுக்க ஒருவரை அமர்த்தும்போதும் இதே பயன் சிறிய அளவில் நிகழ்கிறது.

முடிவெடுக்கும் முன்

பட்டறிவு மிக்க தொழில்முனைவோர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி என்னும் இந்திய வம்சாவளி அறிஞர் வியப்பூட்டும் உண்மையைக் கண்டார். எவ்வளவு ஆதாயம் வரும் என்று தொடங்குவதைவிட, எவ்வளவு இழப்பைத் தாங்க இயலும் என்றே அவர்கள் தொடங்குகின்றனர். வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் எனத் திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் முன்னரே அறிவுறுத்தியுள்ளது.

எனவே, தொழில் தொடங்க எண்ணுவோர் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை காண்பது நன்று. இழந்தாலும் மீள இயலும் தொகை எவ்வளவு? எந்த நாள் வரை முயல்வது, எப்போது நிறுத்துவது? இம்முயற்சி தோற்றால் உடன் துன்புறுவோர் யார், அவர்கள் இதற்கு இசைந்தனரா? இவற்றை எண்ணிப் பார்த்தபின் ஊதியப் பணியைத் தேர்பவர் கோழையல்லர். எண்ணாமல் தொழிலில் குதிப்பவர் துணிவுடையவரும் அல்லர். ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். தொழிலில் இடும் பொருளையும் குறிக்கும். தம்மிடம் உள்ள முதல் எது, அதில் எவ்வளவை இடலாம் என்று அறிதலே தொழில்முனைவின் முதற்படியாகும்.